உதட்டுப் பேச்சு

"நூன்னா நாமளா, நாங்களா? மொதல்ல அதைச் சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. மேல போங்க."

"ரெண்டும் எப்படிட்டி ஒண்ணாகும்? நாமன்னா நீயும்..."

"பிரெஞ்சுக்காரங்க பாஷை அப்படி. எத்தனை மட்டம் சொல்லுதேன், அதைக் கெளறாதியன்னு..."

"...நீயும் சேத்தி. நாங்கன்னா நீ கெடையாது. நீ உள்ள இருக்கியா வெளிய இருக்கியான்னு தெரியாம நான் என்னன்னு சொல்ல?"

"வேலை செய்யுதோம்னு சொல்லுங்க. நூ த்ரவாயோன். அம்புட்டுதான். ஆரு உள்ள, ஆரு வெளியன்னு அங்க ஒருத்தரும் கேக்கப் போறதில்ல."

"சத்தம் போடாத. எனக்குக் காது கேக்கும்."

"நானா சத்தம் போடுதேன்?"

சத்தம் போட்டது கோமதிசங்கர்தான். அவனுக்கு அது தெரியாது. விசைத்தறிக் கூடத்துக்குள்ளேயே இத்தனை வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்ற கணக்கு இல்லை. உப்புக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரி உப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவன் மனைவி பொன்செல்வி மடியில் கிடந்த பிச்சிப்பூவைக் குனிந்து பார்த்தாள். பேச்சுக்கு நடுவில் கட்டிய இடம் மட்டும் தளர்ந்து, மொட்டுகள் ஆளுக்கொரு திசையில் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. பிரித்துவிட்டு மறுபடி கட்டினாள். கடைக்காரருக்குப் பூ நெருக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் மறுநாள் வாங்கிக் கொள்ளமாட்டார்.

"சரி, மொதல்லருந்து" என்றாள்.

ஜ த்ரவாய், து த்ரவாய், இல் த்ரவாய் என்று அவன் தொடங்கினான். நான், நீ, அவன் மூன்று பேரும் சறுக்கலில்லாமல் போனார்கள். "நூ" என்றதும் நின்றான். தினமும் நிற்கிற இடம். விழியை மேலே உருட்டி, உத்தரத்தில் எழுதி வைத்திருப்பதைத் தேடுகிறவன்போல் தேடி, பிறகு அவளைப் பார்த்தான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் திருப்பிச் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அதே இடத்தில் நின்றான்.

இந்தப் பாடமெல்லாம் கடையநல்லூர் பீர் மைதீனால் வந்தது. அவரும் கோமதிசங்கரும் ஒரு காலத்தில் ராஜபாளையம் பக்கம் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். பீர் மைதீன் இப்போது மடகாஸ்கரில் ஒரு நெசவு ஆலையில் சூப்பர்வைசர். தறியின் சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்கிற மேஸ்திரி ஒருத்தர் வேண்டும், ஆனால் அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பிரெஞ்சில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், மேனேஜர் வீடியோவில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார். பெரிய பேச்செல்லாம் வேண்டாமாம். நிகழ்காலத்தில், நேரான வினைச்சொல்லாக, வேலை செய்கிறேன், பேசுகிறேன், பழுது பார்க்கிறேன், இவ்வளவு போதுமாம். கோமதிசங்கர் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறியவன். கைப்பேசியில் புதுச்சேரி டீச்சர் ஒருத்தி தமிழில் விளக்கிச் சொல்லும் பாடத்தை முதலில் கேட்டு, தான் பிடித்துக்கொண்டு, பிறகு அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை பொன்செல்வியின் தலையில் விழுந்தது. அவள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியவள். அதற்கப்புறம் அந்த மார்க்குக்கு ஒரு உபயோகம் வந்தது இப்போதுதான்.

பாடம் ஒன்றும் மலை இல்லை. சொன்னபடி கேட்கிற வினைகள் என்று பிரெஞ்சில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. வார்த்தையின் கடைசியில் இருக்கிற வாலை வெட்டிவிட்டு நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்கொரு வாலை ஒட்ட வேண்டும். ஒன்று தெரிந்தால் ஆயிரம் தெரிந்த மாதிரி. முதல் நாளே கோமதிசங்கருக்கு அது விளங்கிவிட்டது. "ஒரே தறிதான். ஆளுக்கு ஆள் ஒரு சாமானை மட்டும் மாத்தி மாட்டுத" என்றான். அவ்வளவு சடுதியில் பிடித்துக்கொண்டவன் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நகராமல் நிற்பது ஏன் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவளுக்கு அவசரம்.

அவசரம் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் இருந்தது. திருநெல்வேலியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் பிருந்தா இருக்கிறாள். தறிக்கூடத்து முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கூடத்தை உரக் கிட்டங்கிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? எல்லோரும் தலையை ஆட்டி ஒத்துக்கொள்கிற காரணங்கள். பூ மார்க்கெட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் இதைத்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது நன்றாகப் படிந்துவிட்டது.

படியாத ஒன்று உள்ளே இருந்தது. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்தத் தெருவில் தறி ஓடிய காலத்தில் பகல் முழுக்க ஒரு இரைச்சல் நிற்கும். வெளியூர்க்காரர்களுக்குத் தலை வலிக்கும். தெருக்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது, கரண்டு போனால்தான் தெரியும். கோமதிசங்கர் காலையில் போனால் இருட்டிய பிறகு வருவான், ராத்திரி ஷிப்டு என்றால் பகலில் கூடத்திலேயே ஒரு மூலையில் படுத்துத் தூங்கிவிடுவான். மாமியார் இருந்தவரைக்கும் ஒரு மாதிரி. அவள் போன பிறகு, மகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால், உச்சிப் பொழுது முழுவதும் பொன்செல்விக்கு. காலையில் வந்த பூவைக் கட்டி முடித்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, அவள் நடுவீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு பாடுவாள். மெல்ல முணுமுணுப்பதில்லை. தொண்டை நரம்பு புடைக்க, வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டு, வாய்க்கு வந்த மெட்டில். மாமியாரைத் திட்டி ஒரு பாட்டு. வெண்டைக்காய் விலைக்கு ஒரு பாட்டு. ஒரு நாள் எதற்கென்றே தெரியாமல் அழுதுகொண்டே ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குஞ்சுக்குக் கேட்காது. தறியிரைச்சல் ஒரு கெட்டிச் சமுக்காளம் மாதிரி எல்லாவற்றையும் போர்த்திக்கொள்ளும். மாலையில் அவன் வரும்போது முகம் கழுவி, தலை சீவி, ஒன்றும் நடக்காதவள்போல் அடுப்படியில் நிற்பாள். இது ஒரு தப்பா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதுதான் அவளுக்கு இருந்தது.

இப்போது தெருவில் சத்தம் இல்லை. எதிர்வீட்டில் பாத்திரம் உருண்டால் யார் வீட்டு எந்தப் பாத்திரம் என்று தெரிகிறது. வீட்டுக்குள்ளே அவன் இருக்கிறான். குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. எழுந்தவுடன் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவான். கிரைண்டரைப் பிரித்து மாட்டுவான். மிக்ஸி சுற்றும்போது பக்கத்தில் வந்து காதைச் சாய்த்துக் கேட்டு, "இதுல ஒரு புஷ் தேஞ்சிருக்கு" என்பான். அவள் பூக்கட்ட உட்கார்ந்தால் அவனும் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். மொட்டைப் பொறுக்கிக் கொடுப்பான், சின்னதும் பெரியதுமாகக் கலந்து. பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் கல்யாணமாகி வந்து இத்தனை காலத்தில் முழுசாக ஒரு பகல் அவனோடு இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உச்சிப் பொழுதில் அவள் படுத்தால் அவனும் பக்கத்தில் பாயைப் போட்டான். விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கும்போது அவளுக்குத் தொண்டைக்குள் ஏதோ நமைச்சலாக இருக்கும். இருமிவிட்டுத் திரும்பிப் படுப்பாள்.

"தண்ணி வேணுமா?" என்று அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பான்.

பீர் மைதீன் பேச்சு வந்தபோது, அவன் வாயைத் திறக்கும் முன்னால் பொன்செல்வி "போவாக" என்று சொல்லிவிட்டாள்.

இப்படித்தான் சாயங்காலப் பாடம் நடந்தது. பூவை மார்க்கெட்டில் கொடுத்துவிட்டு அவள் திரும்பியதும், விளக்குப் போட்டு, மறுநாள் சாமிக்குப் போகிற சரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அவன் அதற்கு முன்பே சட்டை போட்டு, தலை சீவித் தயாராக இருப்பான். அதைப் பார்த்து அடுத்த வீட்டுச் சுமதிக்குச் சிரிப்பு. "என்ன மைனி, பொழுது விழுந்தா ரெண்டு பேரும் மந்திரம் ஓதுதிய. வசியமா, பில்லி சூனியமா?" என்று சுவர் வழியே கேட்பாள். ஒரு நாள் பாடத்தில் 'எமே' என்ற வினை வந்தது. நேசிப்பது. டீச்சரம்மா சிரித்துக்கொண்டே ஆறு பேருக்கும் வால் ஒட்டிக் காட்டினாள். ஜெம், து எம், இல் எம். அதற்குத் தமிழையும் சேர்த்துச் சொல்லி மனதில் ஏற்றுவதுதான் வழக்கம். அன்று பொன்செல்வி தமிழை விட்டுவிட்டுத் தாண்டினாள். அவன்தான் கேட்டான். இதுக்கு என்ன அர்த்தம்? அவள் பூவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் அன்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல், வழக்கத்தைவிடச் சத்தமாக, ஆறையும் சொன்னான். "மைனி, இன்னைக்கு மந்திரம் நல்லா இருக்கே, என்ன அர்த்தம்?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பழுது பார்க்கிறதுன்னு அர்த்தம் என்று பொன்செல்வி சொன்னாள். கோமதிசங்கர் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் 'வேலை செய்'க்குத் திரும்பியதும் அவன் மறுபடி 'நூ'வில் நின்றான்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மார்க்கெட்டில் பூ வரத்துக் குறைவு என்பதால் அவள் வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பினாள். தெருமுனையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக வரும்போதுதான் பார்த்தாள். பூட்டிக் கிடந்த தறிக்கூடத்துப் படியில் கோமதிசங்கர் உட்கார்ந்திருந்தான். பார்வை எதிர்ச் சுவரில் இருந்தது. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

தறிக்கூடத்தில் வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. அங்கே எல்லாம் உதட்டுப் பேச்சுதான். குரலை விட்டுவிட்டு, எழுத்து எழுத்தாக உதட்டில் காட்டினால், நாலு தறிக்கு அப்பால் நிற்பவன் கண்ணால் படித்துக்கொள்வான். பாவு தீர்ந்ததும், ஊடை அறுந்ததும், டீ வந்ததும், யார் வீட்டில் சண்டை என்பதும் அப்படித்தான் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும். பொன்செல்வியும் புளியங்குடி சிந்தாமணியில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு அது தாய்ப்பால் மாதிரி. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவன் உதட்டைப் படித்தாள்.

ஜ த்ரவாய். து த்ரவாய். இல் த்ரவாய். நூ த்ரவாயோன்.

நிற்கவில்லை. நூவில் உதடு குவிந்தது, யோனில் திறந்தது, அடுத்ததற்குப் போய்விட்டது. வூ த்ரவாயே. பிறகு பேசு. பிறகு பழுதுபார். பிறகு தங்கு, தேடு, கொடு, விட்டுப் போ. ஒன்றை முடித்து மூச்சு வாங்காமல் இன்னொன்றுக்கு, தறி நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி, ஒரு இடத்தில்கூட இழை அறாமல். அவள் இன்னும் சொல்லிக் கொடுக்காத வினைகளும் அதில் இருந்தன. கைப்பேசியில் தனியாகக் கேட்டிருக்கிறான்.

அவள் தண்ணீரில் நின்றபடியே நின்றாள். மழைக்கு ஒதுங்கியவள்போல் மின்கம்பத்தின் பின்னால் நகர்ந்துகொண்டாள். எத்தனை நாளாக இவனுக்கு இது தெரியும்? தினம் தினம் உத்தரத்தைப் பார்த்தது, விழியை உருட்டியது, நாமளா நாங்களா என்று சண்டை இழுத்தது? முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றியிருக்கிறான், வேலைக்குப் போக மனசில்லாமல் மழுப்பியிருக்கிறான் என்று. அப்படி நினைத்துக்கொண்டே இன்னொன்றும் தெரிந்தது. 'நூ'வில் நின்ற பிறகு ஒவ்வொரு நாளும் அவன் அவளைப் பார்ப்பான். அவள் எடுத்துக் கொடுக்கும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். பாடம் முடிந்துவிட்டால் அது முடிந்துவிடும். சட்டையைப் போட்டுத் தலை சீவிக் காத்துக்கொண்டிருந்தது எதற்காக என்று அந்தத் தண்ணீரில் நிற்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் அப்படியே ஓடிப் போய் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருப்பாள். பொன்செல்விக்கும் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. ஆனால் அதன் பின்னாலேயே ஒரு பயம் வந்தது. இவன் போகப் போவதில்லை. நாளைக்கும் இருப்பான். மறுநாளும் பாயைப் பக்கத்தில் போடுவான். சாகும்வரைக்கும் மொட்டு பொறுக்கிக் கொடுப்பான். அவன் தப்பு என்று ஏதாவது செய்தால் சண்டை போட்டுவிட்டு ஆறிக்கொள்ளலாம். தன்னோடு இருக்க ஆசைப்படுகிறான் என்பதை ஒரு குற்றமாக யாரிடம் கொண்டு போய் வைப்பது?

அன்று பாடம் நடந்தது. அவன் 'நூ'வில் நின்றான், அவளைப் பார்த்தான். அவள் குனிந்து இன்னும் இரண்டு மொட்டை வைத்துக் கட்டினாள். அவன் முகத்தில் ஒரு கலவரம் ஓடியது. பிறகு அவள் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, அவன் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பீர் மைதீனுக்குக் குரல் அனுப்பினாள். "பாய் அண்ணாச்சி, அவுக எல்லாம் நல்லாப் படிச்சிட்டாக. சும்மா கூச்சத்துல தெரியலங்காக. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க." அனுப்பிவிட்டு, அதை ஒரு தடவை போட்டுக் கேட்டாள். தன் குரல் இவ்வளவு குழைவாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அழித்துவிடலாமா என்று விரலைக் கொண்டு போனாள். அதற்குள் அவர் கேட்டுவிட்டார். சந்தோஷம் தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் கூப்பிடுவார் என்று பீர் மைதீனே அவனிடம் சொன்னார். கோமதிசங்கர் "ம்" என்று கேட்டுக்கொண்டான். யார் சொல்லி இவ்வளவு சீக்கிரம் ஏற்பாடாயிற்று என்று விசாரிக்கவில்லை. அந்த வாரம் அவன் கதவுக்கு எண்ணெய் விடவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் அவன் மேலே முழுக்கைச் சட்டையும் கீழே கைலிச் சாரமுமாக நடுவீட்டில் உட்கார்ந்தான். கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். படத்தில் விழாத இடமாகப் பார்த்து, எதிர்ச் சுவர் ஓரம் பூக்கூடையோடு அவள் உட்கார்ந்துகொண்டாள். கைக்கு வேலை இருக்கட்டும் என்றுதான்.

மேனேஜர் மொரீஷியஸ்காரர். பார்த்தால் நம் டவுன் ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவர் மாதிரி முகம், நெற்றியில் துளி விபூதி. "வணக்கம்" என்றார். அதோடு அவரிடம் இருந்த தமிழ் தீர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் பிரெஞ்சு. பீர் மைதீன் திரையின் ஒரு மூலையில் சின்ன முகமாக இருந்தார்.

பெயர் கேட்டார். கோமதிசங்கர் சொன்னான். செம்பிலிருந்த தண்ணீர் அதிரும்படி சொன்னான். மேனேஜர் பின்னால் சாய்ந்து காதிலிருந்ததைக் கழற்றினார். பீர் மைதீன் சிரித்துவிட்டார். "மெள்ளப் பேசும் வே. இங்க தறி ஓடல." மேனேஜரும் சிரித்து, ஏதோ சொல்லி, மறுபடி மாட்டிக்கொண்டார். எங்கே குடியிருக்கிறீர்கள்? ஜாபீத் சங்கரன்கோவில். என்ன வேலை செய்கிறீர்கள்? இங்கேதான் அவன் நிற்பான் என்று பொன்செல்வி நினைத்தாள். அவள் கையில் நார் நின்றது.

அவன் நிற்கவில்லை. ஜ ரெபார் என்று சொல்லி, எதை எதைப் பழுது பார்க்கிறேன் என்று கையாலும் வாயாலும் ஓட்டிக்கொண்டே போனான். பெயர் தெரியாத சாமான்களுக்கு அது போடும் சத்தத்தைச் செய்து காட்டினான். டக்கடக், டக்கடக், இது நல்ல தறி. டக்கடட, இது பல் தேய்ந்தது. மேனேஜர் முன்னால் குனிந்து கேட்டார். உங்கள் கூடத்தில் தறி நின்றால் யார் சரி செய்வீர்கள்? நூ ரெபாரோன் என்றான், கண்ணை உத்தரத்துக்குக் கொண்டு போகாமல். தறி விஷயத்தில் தெரியாதது மாதிரி இருக்க அவனால் முடியவில்லை. சொல்லிவிட்டு, சொல்லியது தெரிந்து, கண்ணை மட்டும் உயர்த்திப் பொன்செல்வியைப் பார்த்தான். திருட்டில் பிடிபட்ட பார்வை. அவள் ஆச்சரியப்படவில்லை என்பதையும் அவன் பார்த்துவிட்டான்.

மேனேஜருக்குத் திருப்தி. தலையை ஆட்டினார். காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, நிமிர்ந்து, இலேசாக, போகிற போக்கில் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார். வீட்டைவிட்டு இரண்டு வருஷம் தூரமாக இருக்க வேண்டும், உங்கள் மனைவி சம்மதிக்கிறாரா?

கோமதிசங்கருக்கு விளங்கியது. பொன்செல்விக்கும் விளங்கியது. அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பீர் மைதீன், கேள்வி புரியவில்லை என்று நினைத்து, "வே, வீட்டுல சரிங்காகளான்னு கேக்காரு" என்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சாயங்காலம் தினமும் பார்க்கிற பார்வைதான். எடுத்துக் கொடு என்று கேட்கிற பார்வை. ஆனால் இந்தத் தடவை அவனுக்கு நிஜமாகவே பதில் தெரியாது.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சுமதி வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. பேசாமல் இருந்தால் போதும் என்று பொன்செல்விக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்து பூவைப் பார்த்தால் போதும். அவன் ஏதாவது தடுமாறிச் சொல்லுவான், மேனேஜர் யோசிப்பார், இந்த வருஷம் தள்ளிப்போகும். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அவள் உதடு அவளைக் கேட்காமல் அசைந்தது. குரல் இல்லாமல், எழுத்து எழுத்தாக, நாலு தறிக்கு அப்பால் நிற்பவனுக்கும் விளங்குகிற தெளிவாக.

எல் அக்செப்த்.

அவள் சம்மதிக்கிறாள்.

இந்த வினையை அவர்கள் பாடத்தில் ஒரு நாளும் எடுத்ததில்லை. அவளாகத் தனியே படித்து வைத்திருந்தது. எப்போது, எதற்காகப் படித்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

கோமதிசங்கர் அவள் உதட்டைக் கடைசி வரை படித்தான். திரையைப் பார்த்துத் திரும்பி, "எல் அக்செப்த்" என்றான். அவன் குரல் அவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை. மேனேஜருக்குச் சரியாகக் கேட்காமல், மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னான். அவர் கையைக் குவித்துக் கும்பிட்டார். பீர் மைதீன், "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுது வே, பாஸ்போர்ட்டை எடுத்து வையும். தங்கச்சி, கேட்டியா, வீட்டுக்காரரு ஜெயிச்சிட்டாரு" என்று கத்தினார். அவள் இருந்த இடத்திலிருந்தே "சரி அண்ணாச்சி" என்றாள். திரை இருண்டது.

அவன் எழுந்திருக்கவில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். செம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தான். அவள் நாரை எடுத்து இரண்டு மொட்டை வைத்துக் கட்டினாள், அடுத்த இரண்டை வைத்தாள். கட்டியது தளர்ந்திருப்பது தெரிந்தும் பிரிக்காமல் மேலே கட்டிக்கொண்டே போனாள். இனிக் கொஞ்ச நாளில் இந்த நேரத்துக்கு இங்கே அவளைத் தவிர ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். ஆனால் தறிகளும் இருக்கப் போவதில்லை. இந்த அமைதியில் தான் பாடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெயில் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. கோமதிசங்கர் செம்பைக் கீழே வைத்தான். வைக்கிற சத்தத்தில் அவள் நிமிர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை. தூரத்தில், இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் கேட்பவன்போல, தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு, குரலே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் வைத்தான்.

"ஏட்டி, நான் போனாத் தேவலன்னு உனக்கு எம்புட்டு நாளாத் தோணுது?"